தாயின் ரத்தத்தில் இரண்டாவது எரிபொருள்

பிறந்து ஒரு மணி நேரம் ஆன குழந்தை. எடை நான்கு கிலோவைத் தாண்டிவிட்டது. கன்னமும் தோளும் திரண்டு, பார்ப்பவர்கள் கொஞ்சாமல் இருக்க முடியாத கொழுகொழுப்பு. தாய்க்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததால், செவிலியர் குழந்தையின் பாதத்தைக் கையில் பிடித்து, சூடு பரவத் தேய்த்து, குதிகாலின் ஓரத்தில் சின்ன ஊசியால் குத்துகிறார். நடுவில் குத்தமாட்டார், அங்கே எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஊறி வரும் ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வாங்குகிறார். சில நொடிகளில் கருவியில் 32 என்று எண் வருகிறது. பச்சிளங்குழந்தைக்கு 40-க்குக் கீழே இறங்கினாலே மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். உடனே தாய்ப்பால் புகட்டச் சொல்கிறார்கள். ஏறாவிட்டால் நரம்பு வழியே குளுக்கோஸ்.

தாய்க்குச் சர்க்கரை அதிகம், குழந்தைக்கோ ஆபத்தான அளவுக்குக் குறைவு. தேவைக்கு மேல் ஊட்டம் பெற்று வளர்ந்த குழந்தை, பிறந்த முதல் மணி நேரத்திலேயே எரிபொருள் இல்லாமல் தவிக்கிறது. இது ஏன் என்ற கேள்வி மருத்துவர்களை முதலில் சர்க்கரையிடம் கொண்டுபோனது. கொழுப்பிடம் வந்து சேர அவர்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

கோபன்ஹேகனிலிருந்து சிகாகோவுக்கு

1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை, சிறுவயதிலேயே சர்க்கரை நோய் கண்ட பெண்கள் தாயாகும் வயதுவரை உயிரோடு இருப்பதே அரிது. இன்சுலின் வந்தபின் அவர்கள் வாழ்ந்தார்கள், கருவுற்றார்கள். ஆனால் அவர்களுடைய குழந்தைகளில் பலர் வயிற்றிலேயே இறந்தார்கள், அல்லது மிதமிஞ்சிய எடையோடு பிறந்து மூச்சுக்கும் சர்க்கரைக்கும் திணறினார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இத்தகைய தாய்மாரைக் கவனித்துவந்த யோர்கன் பீடர்சன் 1950-களில் ஒரு விளக்கம் தந்தார். தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. எனவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன். அதனால் குழந்தை பருக்கிறது. பிறந்ததும் தொப்புள்கொடி வெட்டப்படுகிறது, சர்க்கரை வரத்து நின்றுபோகிறது, ஆனால் கணையம் பழைய வேகத்திலேயே சுரக்கிறது. குதிகால் ரத்தத்தில் 32 என்ற எண் அப்படித்தான் வருகிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 9 நாடுகளில் 15 மையங்களில் சுமார் 23,000 கர்ப்பிணிகளை ஆராய்ந்த ‘ஹேப்போ’ ஆய்வு 2008-ல் வெளிவந்தது. தாயின் சர்க்கரை ஏற ஏற, குழந்தையின் எடையும் தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் சுரப்பின் அடையாளமும் படிப்படியாக ஏறுவதை அது காட்டியது. பீடர்சன் சொன்னது சரியே.

ஆனால் முழுமை இல்லை. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்பர்ட் ஃபிரைங்கெல் 1980-ல் ஆற்றிய பாண்டிங் சொற்பொழிவில் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். இன்சுலின் சர்க்கரையை மட்டுமா ஆள்கிறது? புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் கொழுப்பும்கூட அதன் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. தாயிடம் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது மூன்றுமே நிலைகுலைகின்றன. கரு வளர்வது இந்த மூன்றும் கலந்த ரத்தத்தில்தான். ஃபிரைங்கெல் திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் கொழுப்பு ஆராய்ச்சிக்குள் வந்தது.

கொழுப்பு எப்படிக் கடக்கிறது?

எந்தக் கர்ப்பத்திலும் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு இரண்டு மூன்று மடங்கு உயர்கிறது. இது நோயின் அறிகுறி ஆகாது; இயற்கையான ஏற்பாடு. முதல் பாதியில் தாயின் உடல் கொழுப்பைச் சேமிக்கிறது. பின்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மட்டுப்படுத்துகின்றன. சேமித்த கொழுப்பு கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. தாய் அதை எரித்துக்கொண்டு, சர்க்கரையைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கிறாள்.

டிரைகிளிசரைடு பெரிய மூலக்கூறு. மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரால் முதுகெலும்பில் தொங்கும் வடிவம். அந்த உருவத்தோடு அது நஞ்சுக்கொடியைக் கடக்க முடியாது. தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியைத் தொடும் பரப்பில் லைப்பேஸ் என்ற நொதிகள் காத்திருக்கின்றன. அவை கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரிக்கின்றன. பிரிந்த அமிலத்தைச் செல்சுவரில் உள்ள ஒரு புரதம் உள்ளே இழுக்கிறது. உள்ளே இன்னொரு புரதம் ஏந்திக்கொண்டு மறுகரைக்கு நடத்துகிறது. வழியில் ஒரு பகுதியை நஞ்சுக்கொடி தனக்கே வைத்துக்கொள்கிறது. மிச்சம் குழந்தையின் ரத்தத்தில் இறங்குகிறது.

தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் இந்த ஏற்பாடு எல்லை மீறுகிறது. கொழுப்புத் திசுவை அடக்கிவைக்கும் வேலையை இன்சுலின் சரிவரச் செய்யாததால், கரைந்துவரும் கொழுப்பு இன்னும் கூடுகிறது. மறுகரையில் குழந்தையின் உடலிலோ இன்சுலின் மிகுதி. இன்சுலின் மிகுந்த உடல் வந்த கொழுப்பையெல்லாம் சேமிக்கும். வந்த சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கும்.

பிறக்கும் குழந்தையின் எடையில் கொழுப்பின் பங்கு சராசரியாக 14 சதவீதம்தான். ஆனால் ஒரு குழந்தைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள எடை வேறுபாட்டில் 46 சதவீதம் இந்தக் கொழுப்பால் வருகிறது என்று பேட்ரிக் கட்டலானோ குழுவினர் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் அவர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள தாய்மாரின் குழந்தைகள் சராசரி எடையோடு பிறந்தாலும், அவர்கள் உடலில் கொழுப்பின் அளவு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. தராசு மட்டும் பார்த்து ‘எடை சரிதான்’ என்று நிம்மதி கொள்ள முடியாது.

பெர்லினின் 150 தாய்மார்

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஊட்டே ஷேஃபர்-கிராஃப் தலைமையில் பெர்லினில் நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தேடியது. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள 150 பெண்கள். அனைவருக்கும் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. அந்த நிலையில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவோடும், பிறந்தபின் அதன் கொழுப்பு அளவோடும் ஒத்துப்போனவை தாயின் டிரைகிளிசரைடும் ரத்தத்தில் தனித்துத் திரியும் கொழுப்பு அமிலங்களும்தான். சர்க்கரையை அடக்கியபின் கொழுப்பின் செல்வாக்கு வெளியே தெரிந்தது.

இதன் பொருளை நம் வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் மாதத்தில் ‘சுகர் இருக்கு’ என்று சொன்னதும் முதலில் குறைவது சோறு. பிறகு இட்லி, தோசை. பசி எங்கே போகும்? அந்த இடத்தில் மெதுவடை வருகிறது, மிக்சர் வருகிறது, ‘இதில் இனிப்பு இல்லையே’ என்று பேக்கரி பஃப்ஸ் வருகிறது. ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்று நெய்யும் ஒரு கரண்டி கூடுகிறது. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் சர்க்கரையும் மெதுவாகவே ஏறும். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 115. வீடே மகிழ்கிறது. குளுக்கோமீட்டர் கொழுப்பைக் காட்டாது என்பது அந்த மகிழ்ச்சியில் மறந்துபோகிறது.

மருத்துவ உலகமும் ஏறக்குறைய இதே பாதையில் வந்ததுதான். மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 40 சதவீதமாகக் குறைப்பது அமெரிக்காவில் நெடுங்கால வழக்கம். அப்படிக் குறைத்தால் கொழுப்பு 45 சதவீதத்துக்கு ஏறிவிடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் டெரி ஹெர்னாண்டஸும் லிண்டா பார்பரும் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஒரு உணவு முறையில் மாவுச்சத்து 40, கொழுப்பு 45. இன்னொன்றில் தீட்டாத தானியம், பயறு, காய்கறி வழியாக மாவுச்சத்து 60, கொழுப்பு 25. புரதம் இரண்டிலும் 15. 2014-ல் வெளிவந்த முதல் ஆய்வில் 16 பெண்கள் இரண்டையும் மாற்றி மாற்றி உண்டார்கள். 60 சதவீத உணவில் சர்க்கரை சற்றே ஏறியது. ஆனால் எல்லையைத் தாண்டவில்லை. ரத்தத்தில் கொழுப்பு அமிலம் குறைந்தது.

பெரிதாக நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், உணவு முழுவதையும் ஆய்வாளர்களே பிரசவம்வரை கொடுத்தார்கள். முடிவில் இரு தரப்புக் குழந்தைகளின் உடல் கொழுப்பும் ஒரே அளவில் இருந்தது. எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை என்றாலும் இது நல்ல செய்தி. அளந்து, தரம் பார்த்துக் கொடுத்தால் முழுத்தானியமும் பயறும் கர்ப்பிணிக்குத் தீங்கு செய்வதில்லை. சோற்றைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. எந்த மாவுச்சத்து, எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும்.

குட்டி இதயத்தின் சுமை

கருவின் இதயம் பெரும்பாலும் குளுக்கோஸையும் லாக்டேட்டையும் எரித்து இயங்குகிறது. பிறந்தபின் அது கொழுப்பு எரிபொருளுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு ஏற்ப ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் முதிர்ந்திருக்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள தாய்மாரின் குழந்தைகள் சிலரிடம் இதயத்தின் இடது, வலது அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் தடித்திருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாக வடிந்துவிடும். ஆனால் அந்த முதல் நாட்களில் இதயம் சிரமப்படக்கூடும்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில், பச்சிளங்குழந்தை மருத்துவர் மிஷெல் பாக் குழுவினர் இதை எலிகளிடம் ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுத் தாய் எலிகளுக்குச் சர்க்கரை நோய் மட்டும். ஒரு பிரிவுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு மட்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும். குட்டிகளின் இதயம் சுருங்கி விரியும் திறனையும், இதயச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாக்கள் மூச்சுவிடும் வேகத்தையும் அளந்தார்கள். இரண்டும் சேர்ந்த குட்டிகளில் பாதிப்பு மிகுதியாக இருந்தது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லக் கூடாது. ஆனால் தாயின் நோயும் தாயின் தட்டும் தனித்தனியாக வேலை செய்வதில்லை, ஒன்றை மற்றொன்று பெருக்குகிறது என்ற அந்தச் செய்தியைப் புறக்கணிக்கவும் கூடாது.

மிகுதியின் நடுவே பஞ்சம்

இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இதுதான். கொழுப்பு மண்டிய இந்தக் குழந்தைகளிடம் ஒரு கொழுப்பு மட்டும் குறைவாக இருக்கிறது. அது டி.எச்.ஏ. எனப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம். மூளையும் விழித்திரையும் கட்டப்படுவதற்கு வேண்டியது. மீன்தான் அதன் முதன்மையான உணவு மூலம். கடைசி மூன்று மாதங்களில் கருவின் மூளை அதை வேகமாகச் சேர்த்துக்கொள்கிறது.

ஸ்பெயினின் முர்சியா நகரில் எல்விரா லார்கே குழுவினர் ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். திட்டமிட்ட சிசேரியனுக்கு 12 மணி நேரம் முன்பு, கதிர்வீச்சு இல்லாத கனமான கார்பனால் அடையாளமிட்ட கொழுப்பு அமிலங்களைத் தாய்மார்கள் விழுங்கினார்கள். பிரசவத்தின்போது தாயின் ரத்தம், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி ரத்தம் மூன்றிலும் அந்த அடையாளத்தைத் தேடினார்கள். சர்க்கரை உள்ள தாய்மாரின் தொப்புள்கொடி ரத்தத்தில் டி.எச்.ஏ. குறைவாகவே வந்து சேர்ந்திருந்தது. 2013-ல் இது வெளியானது.

அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் டேவிட் சில்வர் குழுவினர், மூளைக்குள் டி.எச்.ஏ.-வை ஏற்றிச்செல்லும் புரதம் ஒன்றை அடையாளம் கண்டார்கள். எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்பது அதன் பெயர். அதே புரதம் நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. 2017-ல் முர்சியா குழு, கர்ப்பகாலச் சர்க்கரைக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாரின் நஞ்சுக்கொடியிலும் இந்தப் புரதம் குறைந்திருப்பதைக் கண்டது. ஆற்றின் இக்கரையில் சரக்கு இருக்கிறது. ஏற்றிப்போகத் தோணி போதவில்லை.

அப்படியானால் சரக்கைக் கூட்டினால்? லண்டனில் கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பெண்களுக்குத் தினமும் 600 மில்லிகிராம் டி.எச்.ஏ. மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தாயின் ரத்தத்தில் அளவு உயர்ந்தது, குழந்தையிடம் உயரவில்லை. மாத்திரையால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. எல்லாக் கர்ப்பிணிகளையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு 70 ஆய்வுகளையும் 19,927 பெண்களையும் உள்ளடக்கியது. ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 34 வாரத்துக்கு முன்பே நிகழும் பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்திருந்தது. கர்ப்பகாலச் சர்க்கரையை அது தடுக்கவில்லை. மாத்திரைக்கு அதன் எல்லை உண்டு. நஞ்சுக்கொடி ஆரோக்கியமாக இருக்க, கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே சர்க்கரையும் உடல் எடையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பிறந்தபின் தாய்ப்பால் இருக்கிறது, அதில் டி.எச்.ஏ. உண்டு. நஞ்சுக்கொடியைத் தாண்டி வராததில் ஒரு பங்கையாவது அது ஈடுசெய்யும்.

மெலிந்த உடலில் கொழுப்பு

இந்தியக் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. புனே மாவட்டக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களையும் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்த அந்தக் குழந்தைகளிடம், முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும் உடலிலும் கொழுப்பின் விகிதம் கூடுதல். மைசூரில் நடந்த தொடர் ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள தாய்மாரின் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே உடல் கொழுப்பும் இன்சுலினும் உயர்ந்திருந்தன. நாளைய தாய்மார் அவர்கள். இந்தச் சங்கிலி அடுத்த தலைமுறைக்கும் நீளக்கூடும்.

சங்கிலியை அறுக்கும் முதல் ஆயுதத்தை உருவாக்கியதில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. டாக்டர் வீ. சேஷையா வலியுறுத்திய எளிய சோதனை அது. கர்ப்பிணி வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. காலையில் பேருந்து பிடித்து ஆரம்ப சுகாதார நிலையம் வரும் பெண்ணின் நிலையை அறிந்து வகுத்த முறை. கர்ப்பம் தெரிந்த முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் ஒருமுறை இதைச் செய்துகொள்ள வேண்டும்.

தட்டில் என்ன வைப்பது?

கொழுப்பை ஒதுக்கிவிட முடியாது. குழந்தையின் மூளைக்கு அது வேண்டும். மாற்ற வேண்டியது வகையையும் அளவையும். மாட்ரிட் நகரில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே தினமும் 40 மில்லி ஆலிவ் எண்ணெயும் ஒரு கைப்பிடி பிஸ்தாவும் சேர்த்து உண்ட பெண்களில் 17.1 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது. கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களில் 23.4 சதவீதம். நல்ல கொழுப்பு காவலாகவும் நிற்கும்.

அதற்காக ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்புதான். நாளுக்கு ஐந்தாறு தேக்கரண்டி போதும். தேங்காய் எண்ணெயில் 90 சதவீத அளவுக்கும் பாமாயிலில் பாதியளவும் நிறைவுற்ற கொழுப்பு. கை அடக்கம் வேண்டும். வனஸ்பதியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டவே வேண்டாம். எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் சட்டமே இருக்கிறது; பண்டம் பொரிக்கிற கடைச் சட்டியை அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பது கடினம்.

மீன் உண்பவர்கள் வாரம் இரண்டு முறை மத்தி, நெத்திலி, அயிலை சேர்க்கலாம். விலை மலிவு, ஒமேகா-3 மிகுதி, பாதரசம் குறைவு. சுறாவைத் தவிர்க்கலாம். பொரிக்காமல் குழம்பு வைப்பது நல்லது. மரக்கறி உணவுக்காரர்களுக்கு ஆளி விதையும் அக்ரூட்டும் உதவும். ஆனால் அவற்றிலுள்ள ஒமேகா-3-ல் சிறு பங்கே உடலில் டி.எச்.ஏ.-வாக மாறும். பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. மாத்திரை பற்றி அவர்கள் மருத்துவரிடம் கேட்கலாம். நீண்ட பட்டினி, விரதம் கூடாது. வயிறு காய்ந்தால் சேமித்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கொட்டும். கர்ப்பிணிக்கு அது மற்றவர்களைவிட விரைவாக நடக்கும்.

இன்சுலின் ஊசி என்றதும் பல குடும்பங்கள் பதறுகின்றன. ‘டயட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சோற்றை மேலும் குறைத்துப் பெண்ணைப் பட்டினி போடுகின்றன. இது தவறு. ஊசியில் போகும் இன்சுலின் குழந்தையைச் சென்றடையாது. தாயின் சர்க்கரையை இறக்குவதோடு, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு கட்டுமீறிக் கரைவதையும் அது தடுக்கிறது. சிகிச்சையால் பயன் உண்டா என்பதில் ஐயமே வேண்டாம். 2005-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், குழந்தைக்கு நேரும் கடுமையான சிக்கல்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன.

எனவே கணவர்களுக்கும், அம்மாக்களுக்கும், மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவளுடைய சர்க்கரை எண் என்ன என்று கேட்கும்போதே, இன்று என்ன எண்ணெயில் சமைத்தோம், பசியாற எதைக் கொடுத்தோம் என்றும் கேளுங்கள். சோற்றை எடுத்த இடத்தில் வடையை வைக்காதீர்கள்; சுண்டலையும் கீரையையும் மீன் குழம்பையும் வையுங்கள். மருத்துவர் ஊசி போடச் சொன்னால் தயங்காமல் போடுங்கள். பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்தில் தாய்க்கு மறுபடியும் சர்க்கரைச் சோதனை செய்யுங்கள். பெரும்பாலான வீடுகள் தவறவிடுவது அதைத்தான்.